பெட்டிக்குள் ஒரு கதிரவன்

வேலியிற் போகும் ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, பின்னர்க் குடைகிறதே என்று வருந்தினான் ஒருவன் என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்பழமொழியை இளமையிற் பலகாற் கேட்டிருந்தும், அறுபதாண்டு கடந்த பின்னர் அவ்வாறே ஓர் ஓணானை மடியில் ஏற்றுக்கொண்டோம் யாம். ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. பழமொழிக்காரனை ஓணான் வருத்தியது. எம்மிடம் வந்த ஓணானையோ யாமே வருத்தினோம். அவ்வரலாற்றை மறையாது எழுதுதல், எம்மைப்போல் அன்பு மிகுந்தும் அறிவு குறைந்தும் உயிர் வளர்ப்பார்க்குப் பயன்படும் என்று கருதி, இம்மலரின் ஆசிரியர் கேட்டவுடன் இசைந்தோம். யாம் என்றது பெருமைபற்றியன்று. இக்கல்லூரியிற் பயின்று, ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வுபெற்று, திருவண்ணாமலையில் வாழும் கணவன் மனைவியர் இருவரும் கூடிச் செய்த பிழையாதலின் இருவர்க்கும் பொதுவாகக் கூறியதாம்.

எம்மிடம் வந்த உயிர் நம் நாட்டு ஓணான் அன்று. ஆஸ்திரேலியாக் கண்டத்தின் உள்நாட்டு வறள்நிலங்களில் வாழும் 'பியர்டட் டிராகன்' என்பது அது. தமிழில் தாடி ஓணான் எனலாம். சினந்தபோதும் அஞ்சியபோதும் கழுத்தடியிலுள்ள முள்ளார்ந்த தோலைப் புடைத்துக் கறுப்பாக்கிக் காட்டுதலின் இப்பெயர் பெற்றது. உயிர்நூலார் வழங்கும் 'போகோனா விட்டிசெப்ஸ்' என்னும் பெயரின் முற்பகுதியும் தாடி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. எர்ன்ஸ்ட் ஆல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1926-ஆம் ஆண்டில் இதனை நூன்முறைப்படி விவரித்துப் பெயரிட்டார். வால் உட்பட அரை மீட்டர் அளவிற்கு வளரும். நம் வேலி ஓணானும் இதுவும் 'அகாமிடே' என்னும் ஒரே குடும்பத்தன. கடல் கடந்த பங்காளிகள் என்னலாம். ஆஸ்திரேலிய அரசு தன் நாட்டு ஊர்வனவற்றை வணிகத்தின் பொருட்டு உயிருடன் வெளியே அனுப்ப இசைவதில்லை. ஆதலின் பிற நாட்டு வீடுகளிற் காணப்படுவன பெரும்பாலும் கூண்டிலே பொரித்துக் கூண்டிலே வளர்ந்த பரம்பரையைச் சேர்ந்தவை. பாலைவனத்தையே கண்டறியாத பாலைவனப் பிராணிகள் அவை.

எம் பேர்த்தி வளர்த்ததும் அத்தகையதே. அவள் பெற்றோருடன் அயல்நாடு செல்ல நேர்ந்தபோது, நான்கு திங்கள் நிரம்பிய அக்குஞ்சினை ஒரு தைத்திங்களில் எம்மிடம் ஒப்புவித்து, "தாத்தா, பாட்டி, நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டது போல இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். நம் ஊர் மலையின் நினைவாக அதற்கு அருணன் எனப் பெயரிட்டிருந்தாள். கதிரவனுக்குத் தேரோட்டும் அருணன் தொடையும் காலும் நிரம்பாது பிறந்தான் என்று புராணம் கூறும். அப்பெயரின் அப்பொருத்தம் அன்று எமக்குத் தோன்றவில்லை. பின்னரே தோன்றி வருத்தியது.

அருணனுக்கு இடம் அமைக்கத் தொடங்கியபோது எமக்கிருந்த முதல் எண்ணம், திருவண்ணாமலையில் வெப்பத்திற்குக் குறைவுண்டோ என்பதே. நினைக்க முத்தி தரும் தலமென்று போற்றப்படும் இவ்வூர், கோடையில் நினைக்காமலே வியர்வை தரும் ஊருமாகும். 814 மீட்டர் உயர்ந்த பாறைமலை பகலெல்லாம் வெந்து, இரவில் அவ்வெப்பத்தைத் தெருக்களுக்குத் திருப்பித் தரும். குளிர்நாட்டார் ஊர்வனவற்றிற்கு விளக்கு ஏற்றி வெப்பமூட்டுவது அவர்தம் வறுமை. எமக்கு அது வேண்டா என்று கருதினோம். தச்சரைக் கொண்டு கண்ணாடி முகப்புடைய மரப்பெட்டி ஒன்று செய்வித்து, கீழ்த்திசைச் சாளரத்தின் அருகில் அதனை வைத்தோம். சாளரத்திற்கும் கண்ணாடிக் கதவே. காலை முழுதும் வெயில் அக்கண்ணாடி வழியே உள்ளே விழும். போதாக்குறைக்குத் தேரடித் தெருவிற் சென்று, பளிச்சென்று எரியும் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு வாங்கி உள்ளே பொருத்தினோம். பெட்டி பட்டப்பகல் போல் விளங்கிற்று. அருணன் வெயில் விழும் இடத்திற் சென்று, உடலைத் தட்டையாக்கிக்கொண்டு, கண்களைப் பாதி மூடிக் கிடப்பான். அவன் இன்பம் கண்டு யாமும் இன்புற்றோம். முருங்கைக்கீரையும் பூசணித் துண்டும் சிள்வண்டும் இட்டு, சுண்ணாம்புச் சத்துப் பொடியும் தூவி ஊட்டினோம். இதற்குமேல் ஓர் உயிருக்கு வேண்டுவது யாது என்று இருந்தோம்.

ஆனித் திங்களின் இறுதியில் அவன் முன்கால் விரல்கள் காரணமின்றித் துடிக்கக் கண்டோம். ஆடி பிறந்ததும் பின்கால்கள் உடலைத் தாங்காது பரந்துவிட்டன. ஒரு நாள் சிள்வண்டைக் கவ்வினான், கடிக்க இயலவில்லை. தாடையைத் தொட்டுப் பார்த்தோம்; ஈரமான அட்டைபோல் அது வளைந்தது. அன்றிரவு பேர்த்தி தொலைபேசியில் அழைத்து, "அருணன் நலமா?" என்று கேட்டாள். நலமே என்றோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாளே ஊர்வனவற்றிற்கு மருத்துவம் அறிந்த ஒருவரைத் தேடிச் சென்னைக்குப் புறப்பட்டோம். அவர் எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். வெண்மையாய்த் தோன்ற வேண்டிய எலும்புகள் புகைபோல் மங்கியிருந்தன. "உணவிற் சுண்ணாம்பு உண்டு, ஆனால் அதனை ஏற்றுக்கொள்ளும் திறம் உடம்பிற்கு இல்லை. ஆதலின் இரத்தம் தனக்கு வேண்டியதை எலும்பிலிருந்தே சுரண்டி எடுத்துக்கொள்கிறது. பெட்டியில் என்ன விளக்கு வைத்திருக்கின்றீர்கள்?" என்றார். கூறினோம். "சாளரம் திறந்திருக்குமா, கண்ணாடி மூடியிருக்குமா?" என்றார். அதனையும் கூறினோம். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கையடக்கமான ஓர் அளவுகருவியை எடுத்துவந்து, தம் அறையின் சாளரத்தண்டை நிறுத்தினார். வெயில் அதன்மேல் நன்கு விழுந்தது; கருவி சுழியம் காட்டிற்று. பின்னர்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். அதே வெயில், அதே இடம். கருவியில் எண் ஏறத் தொடங்கிற்று. ஆறு திங்கள் யாம் அறியாதிருந்ததை அரை நிமிடத்தில் அறிந்தோம்.

அவர் விளக்கியதையும், பின்னர் யாம் படித்தறிந்ததையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். கதிரவனிடமிருந்து வருவது கண்ணுக்குப் புலனாகும் ஒளி மாத்திரம் அன்று. வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானூலறிஞர் 1800-ஆம் ஆண்டில், பட்டகக் கண்ணாடியால் வெயிலை வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் வெப்பமானியை வைத்துச் சோதித்தார். சிவப்பிற்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்திலும் வெப்பமானி ஏறக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே ரிட்டர் என்னும் ஜெர்மானியர், ஊதாவிற்கு அப்பால், அங்கும் ஒளியில்லாத இடத்தில், வெள்ளி உப்பு விரைந்து கறுப்பதைக் கண்டார். முன்னது அகச்சிவப்பு, பின்னது புறவூதா. கண் காணும் ஒளியின் இருபுறத்தும் கண் காணாத இரு துணைவர் உளர். ஒருவர் வெப்பமூட்டுவார், மற்றவர் உடம்பினுள் வேதியியல் வினை நிகழ்த்துவார். எம் பெட்டியில் இருந்தது நடுவிலுள்ளது மாத்திரமே. எல்.இ.டி. விளக்கு கண்ணுக்கு வேண்டிய ஒளியைத் தந்து, வெப்பத்தைச் சிக்கனம் செய்வது. புறவூதாவின் 'பி' பகுதியை அது தருவதில்லை. சாளரக் கண்ணாடியோ வெயிலின் வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விட்டு, அப்பகுதியை மாத்திரம் ஏறத்தாழ முழுதும் வாயிலிலே தடுத்து நிறுத்திவிடும். ஆதலின் அருணன் வெயிலிற் கிடந்தும் வெயில் பெறாதவனாய் இருந்தான்.

அப்புறவூதாக் கதிர் தோலில் விழும்போது, ஆங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று வைட்டமின் 'டி'யின் முன்னிலைப் பொருளாக மாறுகிறது. அம்முன்னிலைப் பொருள் மெய்யான வைட்டமினாக மாறுதற்கு மேலும் ஒளி வேண்டா. உடம்பின் வெம்மை வேண்டும். மனிதர்க்கு அவ்வெம்மை உள்ளிருந்தே கிடைக்கும். ஊர்வனவோ அதனையும் புறத்திருந்தே பெறவேண்டும். எனவே, ஒளி தொடங்கும் தொழிலை வெப்பம் முடித்துவைக்கிறது. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் தொழில் நடுவழியில் நின்றுவிடும். இவ்வொரு செய்தியை அறிந்திருந்தோமாயின் அருணன் கால்கள் நேராக இருந்திருக்கும்.

இந்நோய் ஓணானுக்கே உரியதும் அன்று. புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகளின் கால்களை வளைத்த ரிக்கெட்ஸ் என்னும் நோயின் உடன்பிறப்பே இது. பெர்லின் நகரத்து மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, முதல் உலகப் போரின் பின் 1919-ஆம் ஆண்டில், அந்நோயுற்ற குழந்தைகளைப் புறவூதா விளக்கின்கீழ்க் கிடத்திக் குணப்படுத்திக் காட்டினார். ஓர் ஓணான் பெட்டிக்கு விளக்கு வாங்கச் செல்வோன், அக்குழந்தைகளுக்கும் கடன்பட்டவனே ஆவான். விவிலியத்தின் படைப்பு வரலாற்றில் ஒளி முதல் நாளிலும் கதிரவன் நான்காம் நாளிலும் ஊர்வன அதன் பின்னரும் உண்டாயின என்று கல்லூரி வகுப்பறையிற் கேட்டதுண்டு. அவ்வரிசையை அன்று யாம் வினாத்தாளுக்காக மனப்பாடம் செய்தோம். பொருளை அருணனிடம் கற்றோம். ஊர்வனவற்றை ஏற்குமுன் அவற்றிற்குரிய ஒளியை முதலில் அமைத்தல் வேண்டும்.

நிற்க. மருத்துவர் மருந்தும் உணவு முறையும் வகுத்துத் தந்து, புதிய பெட்டி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஒரு வழியும் கூறினார்: "ஊருக்குச் சென்று ஒரு வாரம் வேலியோரத்து ஓணானைப் பாருங்கள்" என்றார். பதினான்கு கிலோமீட்டர் கொண்ட கிரிவலப் பாதையில் காலை நடை எமக்கு வழக்கமே. அதுவரை அவ்வழியில் ஓணானைப் பார்த்ததுண்டு, கவனித்ததில்லை. இப்போது கவனித்தோம். விடியலிற் பாறை ஓணான் மங்கிய நிறத்தோடு, கதிரவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறைமேற் கிடக்கும். வெயில் ஏற ஏற உடம்பை உயர்த்திக் கால்களை ஊன்றி நிற்கும். பத்து மணிக்கு இரை தேடும். நண்பகலிற் பாறை இடுக்கில் மறையும். மாலையில் மீண்டும் வெளிப்படும். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே அது நாள்முழுதும் நடந்துகொண்டே இருந்தது. அமெரிக்க அறிஞர்களாகிய கௌல்ஸ், போகர்ட் இருவரும் 1944-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் கண்டதும் இதுவே. பாலைநிலத்து ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று, தம் உடல் வெப்பத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் நிறுத்திக்கொள்ளும் என்று அவர்கள் நிறுவினர். அவற்றைக் குளிர்ந்த இரத்தமுடைய பிராணிகள் என்பது வழக்கேயன்றி உண்மையன்று. தாடி ஓணான் தன் உடலை 35 பாகை செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்ள விரும்பும். அது ஏறத்தாழ நம் உடல் வெப்பமே. நாம் உணவை எரித்துப் பெறுவதை அது நடந்து பெறுகிறது, அவ்வளவே வேறுபாடு. ஆதலின் அதற்கு நாம் தரவேண்டியது ஒரு வெப்பம் அன்று. தேர்ந்துகொள்ளத்தக்க பல வெப்பங்கள். எம் முதற் பெட்டி எங்கும் ஒரே சூடாய் இருந்தமையின், அருணனுக்குச் செல்ல இடமிருந்தும் தேர்வு இல்லாதிருந்தது.

புதிய பெட்டியை நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உடையதாகச் செய்வித்தோம். நீளம் இன்றியமையாதது; குறும்பெட்டியில் ஒரு முனை சுடும்போது மறுமுனையும் சுட்டுவிடும். வலக்கோடியில் மேலிருந்து கீழ்நோக்கி 75 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று. வெளிச்சத்திற்கென்று விற்கப்பட்ட பழைய குண்டு விளக்குகள், வாங்கிய மின்சாரத்திற் பெரும்பங்கை வெப்பமாகவே செலவிட்டன. அக்குறைபாடே இங்குக் குணமாயிற்று. விளக்கின்கீழ் நம் ஊர்க் கருங்கற் பலகை ஒன்றை இட்டோம். கல் வெப்பத்தை ஏற்றுச் சேமிக்கும். மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் ஆறாதிருக்கும். கல்லின்மேல் 40 பாகை, இடக்கோடி நிழலில் 26 பாகை, இரவில் 20 பாகைக்குக் குறையாமை என்பது யாம் கைக்கொண்ட கணக்கு. இரு முனைகளிலும் வெப்பமானி வைத்தோம். கையால் தொட்டு மதிப்பிடுதலை விட்டொழித்தோம். மின்னழுத்தம் ஏறியும் இறங்கியும் வருவதால் வெப்பச்சீராக்கி ஒன்றும் பொருத்தினோம். விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டினோம், என்னை? ஊர்வன ஏறிப் பற்றுமாயின் வெந்து புண்படும். உள்ளே மின்சாரம் ஓடும் சூட்டுக்கற்களையும் தவிர்த்தோம். வெயில் மேலிருந்து வருவதே அவற்றின் இயல்பு. வயிறு சுடுவதை உணர்ந்து விலகுதற்கு அவற்றின் உடலமைப்புத் தக்கதன்று. கல்லிற் கிடந்தவாறே வெந்த பிராணிகள் பல என்று மருத்துவர் கூறினார்.

இனிப் புறவூதா விளக்கு. இதற்கென்று தனிக் கண்ணாடியாற் செய்த டி5 வகைக் குழல்விளக்கை வாங்கி, பெட்டியின் பாதி நீளத்திற்கு, ஹாலஜன் விளக்கு இருக்கும் பக்கத்திலேயே பொருத்தினோம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தற்குக் காரணம் உண்டு. சூடு தேடி வரும் பிராணிக்கு அச்சூட்டோடு கதிரும் கிடைத்தல் வேண்டும். மேலே கூறிய வினையின் இரு பாதிகளும் ஓரிடத்தே நிகழ்தல் வேண்டும். மறுபாதி நிழலாகவே இருக்கும். மிகுந்த கதிரும் கண்ணையும் தோலையும் கெடுக்குமாதலின் விலகிச் செல்ல இடம் தேவை. விளக்கிற்கும் பிராணிக்கும் இடையே கண்ணாடி கூடாது. கம்பிவலை இருப்பின் அதுவும் கதிரின் மூன்றிலொரு பங்கையோ அதற்கு மேலுமோ குறைத்துவிடும். மருத்துவர் இரவல் தந்த கருவியால் கல்லின்மேல் அளந்து, புறவூதாக் குறியீட்டெண் 3-க்கும் 4-க்கும் இடையில் நிற்குமாறு உயரத்தைச் சரிசெய்தோம். இத்தகைய அளவுகளுக்கு அடிப்படை, பெர்குஸன் என்பாரும் அவர் துணைவரும், ஊர்வன தம் இயல்பிடத்தில் எவ்வளவு கதிரைத் தாமே நாடிப் பெறுகின்றன என்று அளந்து 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஆண்டுதோறும் அக்குழலை மாற்றுதலும் வேண்டும். வெளிச்சம் குறையாமலே அதன் கதிர் தேய்ந்துவிடும். எரிகிறதே என்று நம்பியிருத்தல், எம் கண்ணாடிச் சாளரத்தை நம்பியதற்கு ஒப்பாகும்.

மருந்தாக ஊட்டும் வைட்டமின் அளவு மிகுமாயின் நஞ்சாகும். ஒளியாற் பிறப்பது அவ்வாறு மிகுவதில்லை. அளவு கடந்த முன்னிலைப் பொருளை அதே கதிர் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். கதிரவன் தன் கொடைக்குத் தானே அளவுகோலும் வைத்திருத்தல் வியத்தற்குரியது.

இங்ஙனம் பெட்டியை அமைத்த பின்னரும், நூல்களில் எழுதப்பட்ட முறைகள் குளிர்நாட்டார்க்கு எழுதப்பட்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டியதாயிற்று. அந்நாட்டார் பெட்டியைச் சூடாக்குதற்கு வழி தேடுகின்றனர்; திருவண்ணாமலையார் கோடையில் ஒரு மூலையையேனும் குளிர்விக்க வழி தேடவேண்டும். வைகாசியில் அறையே 36 பாகையாகும்போது, ஹாலஜன் விளக்கை முழுதும் ஏற்றினால் நிழல்மூலை என்பதே இல்லாது போகும். அக்காலத்து விளக்கின் ஆற்றலைக் குறைத்தும், பெட்டியின் பின்புறத்துக் காற்றுத் துளைகளைப் பெருக்கியும், இடக்கோடியில் நனைத்த மண்பானை ஓடு வைத்தும் காக்கின்றோம். வாயைத் திறந்தவாறே பிராணி இருக்குமாயின் சூடு மிகுந்தது என்பது பொருள். மழைக்காலத்தும் மார்கழியிலும் விளக்குகள் தம் முழுத்தொழிலையும் செய்ய வேண்டும்.

வெயில் நாட்களில் மற்றொரு வாய்ப்பு நமக்குண்டு. அது குளிர்நாட்டார்க்கு எளிதிற் கிட்டாதது. ஏறத்தாழ 12¼ பாகை வட அகலாங்கில் அமைந்த நம் ஊரில், ஏப்ரல் 23-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 20-ஐ ஒட்டியும் நண்பகற் கதிரவன் தலைக்கு நேராகவே நிற்பான். காலை எட்டரை மணி வெயிலில் எம் முற்றத்திற் கருவியைப் பிடித்தபோது 3-ஐ ஒட்டிக் காட்டிற்று. கோடை நண்பகலில் 11-ஐக் கடந்தது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குழல் தருவதை, காலைக் கதிரவன் முற்றத்திற் காசின்றித் தருகின்றான். ஆதலின் வாரம் மும்முறை, நிழலும் அமைந்த கம்பிக்கூண்டில் அருணனை வைத்து, காகமும் பருந்தும் பூனையும் அணுகாவாறு அருகிலேயே அமர்ந்து, இருபது நிமிடம் காலை வெயிலிற் காட்டுகின்றோம். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தல் மாத்திரம் எஞ்ஞான்றும் ஆகாது. சில நிமிடங்களில் அஃது அடுப்பாகிவிடும்.

இரவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஓணான் குடும்பத்தின் உச்சந்தலை நடுவில், சிறு செதிலின்கீழ் மூன்றாவது கண் ஒன்றுண்டு. அஃது உருவம் காணாது. ஒளியும் இருளும் அறியும். நெற்றிக்கண்ணனை வழிபடும் ஊரில் இச்செய்தி கேட்டு வியந்தோர் பலர். அக்கண்ணுக்கும் இரவு இரவாகவே இருத்தல் வேண்டும். இரவிற் சிவப்பு விளக்கும் நீல விளக்கும் ஏற்றிவைத்தல் அதன் உறக்கத்தைக் கெடுக்கும். கடுங்குளிரில் வெப்பம் வேண்டின் ஒளியின்றிச் சூடு தரும் பீங்கான் வெப்பக்குமிழ் போதும். டைமர் எனப்படும் நேரக்கருவியை அமைத்துக் காலை ஆறு மணிக்கு விளக்குகள் எரியவும், மாலை ஆறு மணிக்கு அணையவும் செய்தோம்.

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று ஊரே மலையை நோக்கி நின்றது. யாமும் மாடியில் நின்றோம். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியிற் சுடர் தோன்றிற்று. தெருவெங்கும் அகல்கள் ஏறின. கீழே எம் பெட்டியின் விளக்குகள் அவ்வேளையிலேயே அணைந்தன. பல காதத்திற்கு அப்பாலுள்ளாரும் அச்சுடரைக் காண்பர். ஆனால் அதன் வெம்மை கொப்பரையின் அருகில் நிற்பார்க்கன்றி எட்டாது. ஒளி சென்ற இடத்திற்கெல்லாம் வெப்பமும் சென்றுவிட்டது என்று நினைத்தல் எளிது. யாம் அருணனிடம் செய்த பிழை அதுவே. அவனைக் கண்டோம், மகிழ்ந்தோம், ஊட்டினோம்; அவனுக்கு எட்டியது எது, எட்டாதது எது என்று அளந்து பாராதிருந்தோம்.

அன்றிரவு பேர்த்தி தீபத்தைக் காணொளியிற் காண விரும்பி அழைத்தாள். மலையைக் காட்டினோம். பின்னர் அருணனைக் காட்டச் சொன்னாள். உறங்குகிறான் என்று கூறித் தப்பியிருக்கலாம். அது மெய்யும் ஆகும். எனினும் அன்று எல்லாவற்றையும் கூறிவிட்டோம். ஆடி மாதத்தில் நலம் என்றது பொய் என்றும், கண்ணாடிச் சாளரத்தை நம்பி அவன் எலும்பைக் கரைத்தோம் என்றும், தாடை மீண்டும் உறுதியாகி இப்போது நன்றாகவே கடித்து உண்கிறான் என்றும், ஆயினும் இடப் பின்கால் வளைந்தது வளைந்ததே என்றும் கூறினோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நடக்கிறானா?" என்று கேட்டாள். நடக்கிறான் என்றோம். "வெயிலுக்கும் நிழலுக்கும் தானே போய் வருகிறானா?" என்றாள். ஆம் என்றோம். "அப்படியானால் சரி, தாத்தா" என்றாள். அச்சொல் எமக்குத் தந்த ஆறுதலுக்கு யாம் தகுதியுடையேமோ அறியோம்.

மாணவ நண்பர்களே, இக்காலத்து அயல்நாட்டு உயிர்களை வீட்டில் வைத்தல் பெருகிவருகிறது. அவற்றைத் தேடிச் செல்லுமாறு யாம் கூறோம். அவ்வாறே நம் காட்டு ஊர்வனவற்றைப் பிடித்து அடைத்தலும் ஆகாது. உடும்பு முதலியவற்றைச் சட்டமும் காக்கிறது. எம்மைப்போல் மடியில் வந்து விழுந்தவற்றை ஏற்க நேரின், முதலில் அவ்வுயிரின் நாட்டுக் கதிரவனை அறிந்துகொள்ளுங்கள். அது வருமுன்னரே விளக்கையும் கல்லையும் வெப்பமானியையும் அமைத்து, இரண்டு நாள் எரியவிட்டு, அளந்து பாருங்கள். பின்னரே அதனை வரவேற்றல் முறை.

இதனை எழுதும் இவ்வேளை காலை ஒன்பது மணி. அருணன் கருங்கல்லின்மேல் உடலைப் பரப்பிக் கிடக்கின்றான். இன்னும் சிறிது நேரத்தில் எழுந்து, வளைந்த காலைச் சற்றே இழுத்துக்கொண்டு, நிழலை நோக்கி நடப்பான். அந்நடையைக் காண்பதற்காகவே நாள்தோறும் இவ்வேளையிற் பெட்டியின் முன்னர் இருவரும் அமர்ந்திருக்கின்றோம்.